குதிகால் வலி: பயிற்சியா, செருப்பா, ஊசியா, ஷாக்வேவா?

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் கூடினால் குதிகால் வலி பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் சுருக்கென்று ஒரு வலி. பத்துப் பதினைந்து அடி நடந்தால் கொஞ்சம் அடங்கும். மாலையில், ரயிலில் நின்று வந்து சேர்ந்த பிறகு, மறுபடி ஆரம்பிக்கும்.

வலியோடு ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. டாக்டர், “ஒரு ஊசி போட்டுக்கோங்க” என்கிறார். பிசியோதெரபி சென்டரில் பத்து சிட்டிங் பேக்கேஜ் சொல்கிறார்கள். மெடிக்கல் ஷாப்காரர் குதிகாலுக்கு அடியில் வைக்கும் சிலிக்கான் ஹீல் கப் எடுத்துக் காட்டுகிறார். ஊரிலிருந்து போனில் பேசும் பெரியம்மா, சூடான செங்கல் மேல் எருக்கிலையை வைத்து மிதிக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்டத்தில் யாரோ ஒருவருக்குப் பொருந்துபவைதான். எதை முதலில் செய்வது, எதை எப்போது வரை தள்ளிப்போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கடைசியில் வர வேண்டியதை முதலில் செய்துவிட்டு, முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

## முதலில், இது எந்த வலி?

நான் ஒப்பிடப்போவது பிளாண்டர் ஃபேசியைடிஸ் என்ற வலிக்கான வழிகளை. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை உள்ளங்காலில் ஒரு கெட்டியான நார்த்திசு ஓடுகிறது. அது குதிகாலில் ஒட்டும் இடத்தில் தொடர்ந்து இழுபட்டு நைந்துபோவதால் வருவது இந்த வலி. குதிகால் வலிக்கு இதுதான் மிகப் பொதுவான காரணம். நாற்பது முதல் அறுபது வயது, உடல் எடை, நாள் முழுக்க நிற்கும் வேலை, இறுகிப்போன கெண்டைக்கால் தசை, தட்டைப் பாதம் அல்லது மிக உயர்ந்த வளைவுள்ள பாதம் ஆகியவை இதற்குக் களம் அமைப்பவை.

வேறு வலிகளும் உண்டு. அவற்றுக்கு வழியும் வேறு:

- குதிகாலின் பின்பக்கம், நரம்பு இழுப்பதாக நாம் சொல்லும் இடத்தில் வலித்தால், அது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணின் வலி.
- எரிச்சலும் மரமரப்பும் இருந்தால், நரம்பு அழுத்தம், நீரிழிவால் வந்த நரம்புப் பாதிப்பு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
- பெருவிரல் மூட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கினால், யூரிக் அமிலம் சேர்ந்து வரும் கௌட்டாக இருக்கலாம்.
- மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே, செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பது போல உணர்ந்தால், மார்ட்டன் நியூரோமா என்ற நரம்புத் தடிப்பாக இருக்கலாம்.
- குதிகாலை இருபுறமும் பிடித்து அழுத்தினால் கடுமையாக வலிக்கிறது, நடக்க நடக்க வலி கூடிக்கொண்டே போகிறது என்றால், எலும்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
- குதிகாலின் நட்டநடுவில், வெறுங்காலோடு டைல்ஸில் நடக்கும்போது மட்டும் வலித்தால், அங்குள்ள கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். இவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி நிலைமையை மோசமாக்கும்.
- முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால், அதை வெறும் கால்வலி என்று விடக் கூடாது. மூட்டு அழற்சி நோய்க்கான மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எக்ஸ்ரே எடுத்ததும் “எலும்பு வளர்ந்திருக்கு” என்று சொல்லக் கேட்டு எத்தனையோ பேர் பயந்துபோகிறார்கள். குதிகாலில் அந்த முள் போன்ற வளர்ச்சி வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. வலி தீர்ந்தவர்களுக்கும் அது அப்படியே இருக்கும். அதை வெட்டி எடுத்தால்தான் வலி போகும் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகள் போதும். பலன் தெரிய எத்தனை நாள் ஆகும்? வந்த பலன் நிற்குமா? கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு? பில்லில் வராத செலவு என்ன, அதாவது விட்டுப்போகும் நாள்கூலி, ரயிலில் போய்வரும் அலைச்சல், இன்சூரன்ஸ் தராத தொகை? தவறிப்போனால் என்ன கெடும்?

இந்த ஐந்தில் நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் கேள்வியை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. விடியும் முன்னே இட்லி அவித்து, அதைச் சுமந்து விற்கக் கிளம்பும் தாராவிப் பெண்ணுக்கு “ஆறு வாரம் பொறுங்க” என்ற பேச்சு எட்டாத பேச்சு. ஆனாலும் நான் இரண்டாவது, ஐந்தாவது கேள்விகளுக்குத்தான் அதிக எடை தருவேன். இந்த வலி பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு அறுவை இல்லாமலே ஓராண்டுக்குள் தீர்ந்துவிடுகிறது. அதனால் அந்த இடைக்காலத்தில் காலைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது மிக முக்கியம்.

## பயிற்சி

மற்ற எதைச் செய்தாலும் இதையும் சேர்த்துச் செய்தாக வேண்டும் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் பயிற்சியைப் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே செய்ய வேண்டும். வலிக்கும் காலை மற்றக் காலின் தொடைமேல் போட்டுக்கொண்டு, கையால் கால்விரல்களை முன்னங்கால் பக்கமாக இழுங்கள். இன்னொரு கையால் உள்ளங்காலைத் தடவினால், நார் கம்பியாக விறைத்து நிற்பது விரலில் படும். அப்படிப் பத்து வினாடி பிடித்து விடுவது ஒரு தடவை. இதையே பத்துத் தடவை, ஒரு நாளில் மூன்று வேளை. நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழும் முன்பும் செய்யலாம். நியூயார்க் மாநிலத்து ஆய்வாளர்கள் 2003ல் வெளியிட்ட ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இப்படி உள்ளங்காலை நீட்டியவர்களுக்கு எட்டு வாரத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது.

இரண்டாவது, சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையில் பதிந்தபடி கெண்டைக்காலை நீட்டுவது. அரை நிமிடம், மூன்று தடவை.

மூன்றாவது, பலப் பயிற்சி. இதைப் பலருக்குச் சொல்லித் தருவதே இல்லை என்பது என் வருத்தம். மாடிப்படியின் விளிம்பில், சுருட்டிய துண்டைக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, ஒற்றைக் காலில் நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று வினாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு வினாடி நிறுத்தி, மூன்று வினாடியில் மெதுவாக இறக்க வேண்டும். பன்னிரண்டு தடவை ஒரு சுற்று, மொத்தம் மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். பழகிய பிறகு தோள்பையில் இரண்டு புத்தகத்தைப் போட்டு எடையைக் கூட்டலாம். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்கலாம். டென்மார்க்கில் செய்து 2014ல் வெளியான ஆய்வில், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். அதாவது இந்தப் பயிற்சி குணமாவதைச் சீக்கிரப்படுத்துகிறது. லோக்கல் ரயிலில் தினம் நின்று போகிறவருக்கு அந்தச் சில மாதங்கள் சின்ன விஷயமில்லை.

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. மறைவான செலவு பொறுமைதான். முதல் இரண்டு, மூன்று வாரம் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டுமா? செய்முறையைச் சரிபார்க்க இரண்டு, மூன்று முறை போவது நல்ல செலவு. ஆனால் பத்து சிட்டிங்கும் மெஷினில் காலைக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பதாக இருந்தால், அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்கலாம். பேக்கேஜ் கட்டும் முன், “எனக்குப் பயிற்சி சொல்லித் தருவீங்களா, வாரா வாரம் கூட்டுவீங்களா?” என்று கேளுங்கள்.

## செருப்பும் உள்பட்டையும்

பயிற்சியோடு கூடவே தொடங்க வேண்டியது இது. நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். கிராமத்தில் மண் தரையும் சாணம் மெழுகிய தரையும் இருந்தவரை பாதத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. மும்பையில் வீடு முழுக்க டைல்ஸ். சமையல் மேடை முன்னால் இரண்டு மூன்று மணி நேரம் வெறுங்காலில் நிற்கும் பெண்கள், வெளியே நல்ல ஷூ போட்டும் வலி குறையவில்லையே என்கிறார்கள். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூஜை இடத்தில் கழற்றிவிட்டால் போயிற்று. மாமியார் முகம் சுளித்தால், மருந்து என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

எம்.சி.ஆர். செருப்பு நல்ல தேர்வு. மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்ற மிருதுவான ரப்பரால் ஆனது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண் வராமல் காக்க, வேலூரில் மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் பயன்படுத்திப் பரப்பியது. இன்று நீரிழிவுக்காரர்களுக்கும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது. குதிகால் லேசாக உயர்ந்திருக்க வேண்டும், நடுப்பகுதி வளைவைத் தாங்க வேண்டும், பின்வார் இருந்தால் இன்னும் நல்லது. கையில் எடுத்து முறுக்கினால் துணிபோல் முறுகும் செருப்பு வேண்டாம்.

ஷூ போடுபவர்களுக்கு ரெடிமேட் உள்பட்டை (ஷூவுக்குள் வைக்கும் இன்சோல்) அல்லது சிலிக்கான் ஹீல் கப். சில நூறு ரூபாயில் ஹீல் கப் கிடைக்கும். பாதத்தை ஸ்கேன் செய்து, ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்து தரும் உள்பட்டை தேவையா என்றால், பெரும்பாலோருக்குத் தேவையில்லை. 2006ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ரெடிமேட் பட்டைக்கும் அளவெடுத்துச் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாதத்தின் வடிவமே மாறியிருப்பவர்கள், நீரிழிவால் உணர்விழந்தவர்கள், முன்பு புண் வந்தவர்கள் ஆகியோருக்குத்தான் அளவெடுப்பது அவசியம். அவர்கள் ஹாஜி அலியில் இருக்கும் மத்திய அரசின் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்தில் விசாரிக்கலாம்.

மறைவான செலவு, மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்பட்டை நனைந்து ஊறிவிடும். காயாத பட்டையோடு நடந்தால் விரலிடுக்கில் பூஞ்சை வரும். தோல் வார் வைத்த எம்.சி.ஆர். ஒரு மழைக்குத் தாங்காது. அதனால் மாற்று ஜோடிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஈரப் படியில் வழுக்காத அடிப்பாகம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

## வலி மாத்திரையும் கைவைத்தியமும்

டைக்ளோஃபினாக், ஐபூப்ரோஃபன் போன்றவை சில நாளைக்கு வலியைக் குறைக்கும், காரணத்தைத் தொடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவது வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் வழி. ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டும்.

எருக்கிலைச் செங்கல் ஒத்தடத்தில் கிடைப்பது சூட்டின் இதம். அந்த இதம் பொய்யில்லை. ஆனால் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் இதைச் செய்யவே கூடாது. சுட்டது தெரியாமல் கொப்பளித்து, ஆறாத புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குப் போய்விடலாம். எருக்கம்பால் கண்ணில் பட்டாலும் ஆபத்து. நாள் முழுக்க நின்று வந்த பிறகு, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி உள்ளங்காலுக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டுவது நல்லது. அதுவும் மரத்த பாதத்துக்கு வேண்டாம்.

## ஸ்டீராய்டு ஊசி

மிக வேகமான வழி இதுதான். சில நாளிலேயே ஆள் நடமாடத் தொடங்கிவிடுவார். ஆனால் 2012ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு நான்காவது வாரத்தில் வலி குறைந்திருந்தது. எட்டாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆக, ஊசி வாங்கித் தருவது ஏறக்குறைய ஒரு மாத அவகாசம். அந்த மாதத்தில் பயிற்சியை ஆரம்பித்தவருக்கு அது லாபம். வலி போய்விட்டது என்று பழையபடி ஓட ஆரம்பித்தவர் மறுபடி ஊசிக்கு வந்து நிற்பார்.

திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயலாம், அந்த நார் அறுந்தும் போகலாம். தேய்ந்த மெத்தையைத் திரும்ப வளர்க்க எளிதான வழியில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், அதை அளந்துகொண்டே இருக்க வேண்டும். போடுவதாக முடிவு செய்தால், அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போடுவார்களா என்று கேளுங்கள். மெடிக்ளெய்ம் பாலிசிகள் பெரும்பாலும் ஓ.பி.டி. செலவை, அதாவது அட்மிட் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியச் செலவை, தருவதில்லை என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு: மகளின் கல்யாணம் இரண்டு வாரத்தில் இருக்கிறது, நின்றே ஆக வேண்டும் என்பவருக்கு ஒரு ஊசி நியாயம். ஒரு வருடத்தில் மூன்றாவது ஊசி என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

பி.ஆர்.பி. என்பது நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைக் குதிகாலில் செலுத்துவது. விலை பல மடங்கு அதிகம், முதல் சில நாள் வலி கூடும், பலன் மெதுவாக வரும். சில ஆய்வுகளில் ஸ்டீராய்டைவிட நீண்ட நாள் நிற்கிறது, சிலவற்றில் இல்லை. இதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

## ஷாக்வேவ்

வெளியிலிருந்து அழுத்த அலைகளைக் குதிகாலுக்குச் செலுத்துவது. கரண்ட் வைப்பது இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000ல் இந்த வலிக்கு இதை அனுமதித்தது. வழக்கமாக வாரம் ஒன்று என மூன்று முதல் ஐந்து முறை. அடிக்கும்போது நன்றாகவே வலிக்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம்.

மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தீராதவர்களுக்கு, ஊசிக்கு முன் இதைத்தான் நான் யோசிக்கச் சொல்வேன். நாரைப் பலவீனப்படுத்தும் பயம் இதில் மிகக் குறைவு. கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் பொருந்தாது. எல்லா மெஷினும் ஒன்றல்ல. சில இடங்களில் சாதாரண அல்ட்ராசவுண்ட் மெஷினைக் காட்டியே ஷாக்வேவ் என்று சொல்கிறார்கள், கவனம்.

அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை எல்லாம் செய்து பார்த்த பிறகு. அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் தெரிய | நிற்குமா | பணம் | மறைவான செலவு | முக்கிய ஆபத்து |
|---|---|---|---|---|---|
| பயிற்சி | 6–12 வாரம் | நிற்கும் | இல்லை | தினசரி நேரம், பொறுமை | அவசரப்பட்டு எடை கூட்டுவது |
| செருப்பு, ரெடிமேட் பட்டை | சில நாள்–சில வாரம் | போடும் வரை | நூறுகளில் | மழைக்கு மாற்று ஜோடி | பொருந்தாத அளவு |
| வலி மாத்திரை | உடனே | இல்லை | குறைவு | பழக்கமாகிவிடுவது | வயிறு, சிறுநீரகம் |
| ஸ்டீராய்டு ஊசி | சில நாள் | சுமார் ஒரு மாதம் | நடுத்தரம் | திரும்பப் போடத் தூண்டும் | மெத்தை தேய்வு, நார் அறுதல் |
| பி.ஆர்.பி. | வாரங்கள் | உறுதியில்லை | மிக அதிகம் | சில நாள் நடக்கச் சிரமம் | குறைவு |
| ஷாக்வேவ் | 6–12 வாரம் | பலருக்கு நிற்கும் | அதிகம் | வாரா வாரம் அலைச்சல் | குறைவு |

## உங்கள் நிலைமைக்கு எது?

வலி வந்து ஒரு மாதத்துக்குள்: பயிற்சியும் வீட்டுச் செருப்பும் மட்டும். எக்ஸ்ரேகூட இப்போதைக்கு வேண்டாம்.

நின்றே வேலை செய்யும் ஆசிரியர், கடை ஊழியர்: இவற்றோடு ஹீல் கப். நிற்கும் இடத்தில் தடிமனான ரப்பர் மிதியடி போடக் கேளுங்கள். முதல் அடி வலி மிகக் கடுமையாக இருந்தால், இரவில் கணுக்காலைச் செங்கோணத்தில் பிடிக்கும் ஸ்பிளிண்ட் உதவும். தூங்க அசௌகரியமாகத்தான் இருக்கும், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம்.

நாள்கூலி, கையில் பணம் இல்லை: சயான், கே.இ.எம்., நாயர் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் எலும்புப் பிரிவும் பிசியோதெரபியும் உண்டு. கட்டணம் மிகக் குறைவு, ஆனால் ஒரு நாள் கூலி போகும். அந்த ஒரு நாளில் பயிற்சியை முழுசாகக் கற்றுக்கொண்டு வந்துவிடுங்கள். முடிந்தால் அவர்கள் சொல்லித் தருவதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளக் கேளுங்கள்.

வெறுங்காலில் வேண்டுதல்: திங்கள் இரவு சித்திவிநாயகருக்கு நடப்பது, செம்பூர் முருகன் கோயிலில் பிரதட்சிணம் என்று இருப்பவர்கள், வலி அடங்கும் வரை நீண்ட நடையைத் தள்ளிப்போடுங்கள். சந்நிதி வாசல் வரை செருப்போடு போய்க் கழற்றினால் குறையொன்றும் வராது.

ஆறு மாதம் ஆகியும் தீரவில்லை: முதலில் இது பிளாண்டர் ஃபேசியைடிஸ்தானா என்று அல்ட்ராசவுண்ட் மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த நார் நாலு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அதன்பின் ஷாக்வேவ்.

நீரிழிவு உள்ளவர்கள்: வலி சின்னதாக இருந்தாலும் முதலில் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். மோனோஃபிலமெண்ட் என்ற மெல்லிய இழையை உள்ளங்காலில் வைத்துப் பார்க்கும் சோதனை அது, ஐந்து நிமிடம்தான். ஒரு பாதம் மட்டும் சூடாகி, சிவந்து, வீங்கியிருந்தால், வலி குறைவாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை அந்தக் காலை ஊன்ற வேண்டாம்.